வலப்பக்கத்து சீட்

நம்புகிறவர்கள் நம்பட்டும். என் அண்ணன் நம்பவில்லை. "தனியா இருந்தா அப்படித்தான் தோணும்" என்றான். தோன்றவில்லை. நடந்தது. வேனோடு கொடுத்த நோட்டில் எங்கே, எத்தனை மணிக்கு நிறுத்தினேன் என்று நானே எழுதியிருக்கிறேன். முதல் பக்கத்தின் கடைசி நான்கு வரிகளில் மட்டும் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். 

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. இருபத்திரண்டு வருஷம் கணவர் ஓட்டிய கார்களில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவள். எங்கே போகிறோம் என்று கேட்டதில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கக்கூட முதலில் அவர் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். பிரிந்து வந்த வருஷம் லைசென்ஸ் எடுத்தேன். அடுத்த வருஷம், வெளிநாட்டில் படுக்கையும் அடுப்பும் வைத்த வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பன்னிரண்டு நாள் தனியாக ஓட்டப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "முக்குக் கடைக்கே ஆட்டோ பிடிக்கிறவ நீ. முதல் நாளே போன் பண்ணி, அண்ணா வந்து கூட்டிட்டுப் போன்னு அழுவே. எழுதி வெச்சுக்கோ."

"அப்படிப் பண்ணினா, அப்புறம் ஆயுசுக்கும் நீ சொல்றபடி கேக்கறேன். போதுமா?"

வாய்க்கொழுப்பு. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

வேன்காரர் அதிகம் பேசாத மனிதர். அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன். மதியம் 1.50க்கு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, படுக்கை எல்லாம் காட்டினார். டிரைவர் சீட்டின் அடியில் ஒரு பிடியை அழுத்தி, சீட்டை அப்படியே பின்பக்கம் சுழற்றினார். வண்டியை நிறுத்திய பிறகு படுக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடலாமாம். "கதவைத் திறந்து வெச்சுட்டுத் திருப்புங்க. இல்லன்னா முட்டும்" என்றார். பக்கத்து சீட்டை அவர் காட்டவில்லை. அதுவும் அப்படித்தான் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

சாவியை வாங்கி, நம் ஊர்ப் பழக்கத்தில் வலது கதவைத் திறந்து கம்பீரமாக ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைக் காணோம். அந்த நாட்டில் ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம்.

"அந்தப் பக்கம்மா..."

அசடு வழிய இறங்கினேன். அப்போதுதான் உறைத்தது. சீட் வெதுவெதுப்பாக இருந்தது. பல் கிட்டும் குளிர். கொட்டகைக்குள் நின்ற வண்டி. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

3.35க்கு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். வண்டியைப் பூட்டிவிட்டுப் பணம் கட்டிவிட்டு வந்தேன். ஏழு நிமிடம்தான். மறுபடியும் பழைய புத்தி வலது கதவுக்கே இழுத்துப் போனது. திறந்தேன்.

சீட் பின்பக்கம் திரும்பியிருந்தது.

இறங்கும்போது நேராகத்தான் இருந்தது. பிடி தளர்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தள்ளினேன். எண்ணெய் போட்டதுபோல் லேசாகச் சுழன்று நேரானது. க்ளக்.

குளிர்காலத்தில் அங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. 5.20க்கு ஒரு ஏரிக்கரையில், வேன்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நிறுத்தினேன். வேறு வண்டியே இல்லை. கதவுகளைப் பூட்டினேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். சூப் வைத்துக் குடித்தேன். படுக்கையில் கால் நீட்டி உட்கார்ந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

6.40.

க்ளக்.

தலையைத் தூக்கினேன். வலப்பக்கத்து சீட் கால்வாசி திரும்பியிருந்தது.

காற்று என்று சொல்லிக்கொண்டேன். மூடிய வண்டிக்குள் என்ன காற்று?

6.52. க்ளக். பாதி.

கதவு பூட்டித்தான் இருந்தது. சீட் அதில் முட்டவே இல்லை...

முன்கண்ணாடியைப் பார்த்தேன். இடது பாதி தெளிவாக இருந்தது. வலது பாதியில் மட்டும் ஆவி படிந்திருந்தது. யாரோ வெகுநேரம் அதன் அருகில் மூச்சு விட்டதுபோல.

7.05. க்ளக்.

முழுதும் திரும்பிவிட்டது. என்னைப் பார்த்து.

வெறும் சீட்தான். ஆனால் நடுவில் மெத்தை அமுங்கியிருந்தது.

போனை எடுத்தேன். அண்ணன் நம்பர் திரையில் நின்றது. அங்கே நடுராத்திரி. ஆனாலும் எடுப்பான். இதற்காகவே காத்திருப்பான். கட்டைவிரல் ஒரு நூல் இறங்கினால் போதும். அவன் சிரிப்பான், அழைத்துக்கொள்வான். அப்புறம் நான் ஆயுசுக்கும் ஒரு பக்கத்து சீட்.

எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் வந்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

போனை அணைத்தேன்.

கோபம் வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. இருபத்திரண்டு வருஷம் சேர்த்து வைத்த கோபம்.

"இங்க பாரு" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும். "யாரா இருந்தாலும் சரி. இறங்கறதா இருந்தா இறங்கு. கூட வர்றதா இருந்தா முன்னாடி பார்த்து உட்காரு. வண்டி நான்தான் ஓட்டுவேன். எங்க போகணும்னும் நான்தான் சொல்லுவேன்."

ஒன்றும் அசையவில்லை.

ஒரு நிமிடம்...

இரண்டு நிமிடம்...

7.14.

க்ளக். க்ளக். க்ளக்.

சீட் முன்பக்கம் திரும்பியது.

பிறகு ஒரு சின்னச் சத்தம்.

டிக்.

சீட் பெல்ட் தானாக மாட்டிக்கொண்டது.

அன்று நான் தூங்கவில்லை. ஆனால் இறங்கி ஓடவும் இல்லை. காலை 7.30க்கு வண்டியைக் கிளப்பினேன். பெல்ட் மாட்டியபடியே இருந்தது. நானும் அவிழ்க்கவில்லை. மூன்றாம் நாள்தான் அண்ணனுக்குப் போன் செய்தேன். "என்ன, அழறியா?" என்றான். "இல்ல, மலை ஏறிட்டிருக்கோம்" என்றேன். "ஏறிட்டிருக்கோமா? யாரு கூட?" வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு நாளும் ஓட்டினேன். அந்த சீட் அப்புறம் திரும்பவே இல்லை.

வேனை ஒப்படைக்கும்போது சொன்னேன். "பக்கத்து சீட்டோட பிடி தளர்ந்திருக்கு. தானா சுத்துது. பாருங்க."

அவர் நிமிர்ந்தார். "எந்த சீட்?"

டார்ச்சை எடுத்து வந்து சீட்டின் அடியில் அடித்துக் காட்டினார். நான்கு மூலையிலும் வெல்டிங். துருவேறிய பழைய வெல்டிங்.

"இது சுத்தாதும்மா. மூணு வருஷமா சுத்தாது."

"ஏன் ஒட்டினீங்க?"

டார்ச்சை அணைத்தார். "ஒரு புருஷன் பொண்டாட்டி எடுத்துட்டுப் போனாங்க. வண்டியைத் திருப்பிக் கொடுக்க அவர் மட்டும்தான் வந்தார். வழியில சண்டை, அவ இறங்கிப் போயிட்டான்னு சொன்னார். போலீஸ் சீட்டைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பார்த்துட்டுக் கொடுத்தாங்க. ஒண்ணும் கிடைக்கல. திரும்ப மாட்டினப்புறம் சீட்டு ஒரு இடத்துல நிக்கல, நான் ஒரேயடியா ஒட்டிட்டேன்."

"அந்தம்மா?"

"இன்னும் கிடைக்கல."

"எங்க இறங்கினதா சொன்னார்?"

"ஏரிக்கரையில."

இறங்கிப் போய்விட்டாள் என்று ஒரு புருஷன் சொன்னால் போதும், ஊரே நம்பிவிடுகிறது. அவள் இறங்கவில்லை. பதினோரு நாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டியவள் நான் சொல்கிறேன்.

வலது கதவைத் திறந்தேன். இந்தத் தடவை தெரிந்தேதான் திறந்தேன். குனிந்து பெல்ட்டை அவிழ்த்தேன்.

சீட் வெதுவெதுப்பாக இருந்தது.