பயந்து ஓடுபவர் நாற்பத்திரண்டு

நோலீன் ப்ரூவெட்டுக்கு அறுபத்தொரு வயது. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில், லாப்ரடார் என்ற பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளி வாசலில் காலையும் மாலையும் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவது அவள் வேலை. ஒரு கையில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை, கழுத்தில் விசில், இன்னொரு கை காற்றில். பலகையைவிட அந்த வெறுங்கைக்குத்தான் எல்லோருக்கும் பயம். உள்ளங்கையை விரித்துத் தூக்கினாள் என்றால் ஐந்து வயதுப் பிள்ளையும் நிற்கும், ஐந்து டன் லாரியும் நிற்கும். சுண்டுவிரல் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காமல் வெளியே கோணிக்கொண்டு நிற்கும். பதினேழு வயதில் நெட்பால் ஆடி உடைத்துக்கொண்ட விரல் அது.

விசிலை இரண்டு முறை ஊதினால்தான் கடக்கலாம். அதற்கு முன் வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம் பார்க்க வேண்டும். பார்த்ததாகப் பாவனை செய்தால் திரும்ப முதலிலிருந்து. பத்தொன்பது வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட விழுந்ததில்லை.

இப்படிப்பட்டவளைப் போய்ப் பயந்து ஓடச் சொன்னார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஆறு வருடம் முன்பு 'கேப்டன் கிரானைட்' என்ற சூப்பர்ஹீரோ படத்துக்காகப் பக்கத்து சவுத்போர்ட்டில் ஒரு தெருவை நான்கு நாள் அடைத்துப் படம் பிடித்தார்கள். கூட்டத்தில் நிற்க உள்ளூர் ஆட்கள் முந்நூறு பேர் தேவைப்பட்டார்கள். "போய்ட்டுத்தான் வாயேன். மத்தியானச் சாப்பாடு பிரமாதமாப் போடுறாங்களாம்" என்று அவள் கணவன் மெர்வ் கிளப்பிவிட்டான். மெர்வ் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். உலகத்தில் எதையும் சாப்பாட்டிலிருந்துதான் ஆரம்பிப்பான். நோலீனுக்கு ஒரு பச்சைக் கம்பளிச் சட்டையும் காய்கறிப் பையும் ஒரு சீட்டும் கொடுத்தார்கள். சீட்டில் 'பயந்து ஓடுபவர் 42' என்று இருந்தது. பின்னால் கோபுரம் இடிந்து விழும், அலறிக்கொண்டு சாலையைக் கடந்து ஓட வேண்டும், அவ்வளவுதான்.

கேமரா ஓடியது. முந்நூறு பேரும் ஓடினார்கள். நாற்பத்திரண்டாவது ஆள் நடைபாதை விளிம்புவரை ஓடிவந்து நின்றுவிட்டாள். வலது பக்கம் படத்துக்காக ஒரு கார் சீறிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அவள் என்ன செய்வாள், கால் கேட்கவில்லை. இரண்டு கையையும் விரித்துப் பின்னால் வந்த பதினைந்து பேரை மறித்தாள். அந்த நேரம் பார்த்து எதிரே கேப்டன் கிரானைட், சுவரைப் பிளப்பதற்கென்றே எட்டு மாதம் உடம்பை ஏற்றிய ஆள், உடம்பெல்லாம் ஒட்டிய ரப்பர் பாறைகள் குலுங்க ஓடிவந்தான். நோலீன் அவனுக்கு நேராக உள்ளங்கையைத் தூக்கினாள்.

"நில்லு கண்ணு. கார் வருது."

அவன் நின்றுவிட்டான்.

உதவியாளர்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆனால் இயக்குநர் கார்வர் லிண்ட் நாற்காலியில் மடங்கி உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஊரையே நடுங்க வைக்கிறவன். அவனும் யாரோ ஒருத்தர் சொன்னா நிக்கணும்ல? இதுதான்யா படம்!" என்றார். அதையே பதினொரு தடவை எடுத்தார். கடைசியில் அவளிடம் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்.

படம் வரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நோலீன் பதினான்கு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய சாகசம் அதுதான் என்று மெர்வ் இன்றைக்கும் சொல்வான். படம் வெளியான அன்று கட்டு அவிழ்ந்தது. பள்ளிக் கேன்டீன் நடத்தும் க்வெண்டா, பாதி ஆசிரியர்கள், பௌல்ஸ் கிளப்பில் பந்து உருட்டும் கூட்டம் என்று முப்பத்திநான்கு பேரைத் தியேட்டருக்கு அழைத்துப் போனாள்.

அதற்குள் படக் கம்பெனி லிண்டோடு சண்டை போட்டு, கத்திரியை வேறு யார் கையிலோ கொடுத்திருந்தது. படம் இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கிவிட்டது. கோபுரம் விழுந்தது. எல்லோரும் ஓடினார்கள். யாரும் யாரையும் நிறுத்தவில்லை. விளக்கு எரிந்தபோது முப்பத்திநான்கு பேரும் பாப்கார்ன் டப்பாவுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

"நீ வந்த நேரம் பார்த்து நான் பாத்ரூம் போய்ட்டேனோ?" என்றாள் க்வெண்டா. அவள் எழுந்தே போகவில்லை. இரக்கப்பட்டுக் கேட்ட கேள்வி அது. அதுதான் அதிகமாக வலித்தது.

அன்றிலிருந்து நோலீனுக்கு 'ஹாலிவுட்' என்று பெயர். "ஹாலிவுட், மீட் பை சூடா இருக்கு, எடுத்து வைக்கவா?" "ஹாலிவுட், வெயில் ஏறுது, மேக்கப் கலையப் போகுது!" அவளும் சேர்ந்து சிரித்தாள். ஊரில் நல்ல பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் கேலிக்கு ஆளாவார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் வெட்டிவிட்டார்கள் என்று ஒருவரும் நம்பவில்லை, கதை விட்டாள் என்றுதான் நம்பினார்கள். அவள் கார் வருகிறது என்றால் வரும், வரவில்லை என்றால் வராது. இந்த ஊர்ப் பிள்ளைகளின் உயிர் தினம் இரண்டு வேளை அந்தச் சொல்லை நம்பித்தான் சாலையில் இறங்குகிறது. அவளைப் போய்ப் பொய்க்காரி என்று நினைத்தால்? எனக்கே கோபம் வருகிறது.

ஊர் மறந்தாலும் ரசிகர்கள் விடவில்லை. லிண்ட் எடுத்தபடியே முழுப் படம் வேண்டும் என்று உலகம் முழுக்கக் கிளம்பினார்கள். எப்படிக் கேட்டார்கள் தெரியுமா? தபாலில் கல் அனுப்பினார்கள். சாதாரணக் கல் இல்லை, ஒவ்வொருவரும் அவரவர் ஊர்க் கருங்கல். ஒரு கட்டத்தில் கம்பெனி வாசலில் வீடே கட்டலாம் என்கிற அளவுக்குக் குவிந்துவிட்டதாம். நான்கு வருடம் கல் வாங்கிக் களைத்துப்போய், "சரி, விட்டுத் தொலைக்கிறோம்" என்று அறிவித்தார்கள். படத்தின் நீளம் நான்கு மணி நேரம் ஏழு நிமிடம்.

முன்னோட்டம் வந்தது. அதில் அரை நொடி மட்டும் ஒரு கை. பச்சைச் சட்டை, விரிந்த உள்ளங்கை, அதன் முன்னால் உறைந்து நிற்கும் கேப்டன். கட்டைவிரல் பக்கமிருந்து எடுத்திருந்ததால் சுண்டுவிரல் தெரியவில்லை.

ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. யார் இந்தக் கை? கேப்டனை நிறுத்தும் சக்தி யாருக்கு உண்டு? பச்சை என்பதால் பாசி கிரகத்து ராணி என்றது ஒரு கட்சி. செத்துப்போன அம்மாவின் ஆவி என்றது இன்னொன்று. ஒரு புண்ணியவான் அந்தக் கையின் ரேகையைப் பெரிதாக்கிப் பார்த்து, ஆயுள் ரேகை இரண்டாகப் பிரிவதால் அடுத்தடுத்து இரண்டு படம் வரும் என்று கண்டுபிடித்தான். நோலீன் காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவே அடுக்களையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் வாசித்தாள். தேநீர் ஆறிப்போனதே தெரியவில்லை.

"மெர்வ், என் ஆயுசு நூத்தி நாலாம். பிரேசில்ல ஒருத்தன் சொல்றான்."

"அதுவரைக்கும் புல்லு வெட்டுறது நான்தானா?" என்றான் மெர்வ்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், பெயரைச் சொல்லாமல் வயதை மட்டும் போட்டு, கோல்ட் கோஸ்ட் ரசிகர் மன்றப் பக்கத்தில் எழுதிவிட்டாள்: "அது என் கை. நான் அந்தத் தெருவில் இருந்தேன்." மன்றத் தலைவன் 'கல்நெஞ்சன்77' என்ற பெயரில் உலவுபவன். பதில் உடனே வந்தது. "ஆமா பாட்டி, நான்தான் கேப்டனோட ஜட்டி. வேற யார் காதுலயாவது போய்ப் பூ சுத்துங்க." அடுத்த நிமிடம் அவளை மன்றத்திலிருந்தே வெளியேற்றிவிட்டான்.

கல்நெஞ்சன் யாரென்று நோலீனுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தால் தப்பில்லை. ஜாரட் மல்கேஹி, இருபத்துமூன்று வயது, டயர் கடையில் வேலை. ஏழு வருடம் தினமும் இரண்டு வேளை அவள் கையைப் பார்த்து நின்று, அவள் விசிலைக் கேட்டுக் கடந்து வளர்ந்தவன்தான்.

படம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு.

"இந்தத் தடவை யாரையும் கூப்பிட மாட்டேன்" என்றாள் நோலீன்.

"நானும் வேண்டாமா?"

"நீ தூங்கிடுவே."

"நாலு மணி நேரத்துல நடுவுல ஒரு தடவையாவது முழிச்சுக்குவேன்ல? அந்நேரம் உன் கை வந்தா பாத்துக்கறேன்." மெர்வ் சட்டையை மாட்டிக்கொண்டே அவள் கழுத்தைப் பார்த்தான். "சனிக்கிழமை விசில் எதுக்கு?"

"சாவி அதுலதானே தொங்குது."

"வரலைன்னா என்ன பண்ணுவே, நோல்?"

அவள் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். திரும்ப ஒருமுறை வெட்டியிருந்தால் அந்தக் கை தன்னுடையதுதானா என்று தனக்கே சந்தேகம் வந்துவிடும் என்று பயந்தாள். அதை வாய்விட்டுச் சொன்னால் அழுகை வரும்.

தியேட்டர் வாசலில் முழுக்கக் கருங்கல் மயம். ஸ்பான்ஜில் செய்த பாறைகளை உடம்பெல்லாம் கட்டிக்கொண்டு எழுபது எண்பது பேர் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பெரிய பாறை ஜாரட்தான். "யாரும் எந்திரிக்கக் கூடாது! கண்ணுல விளக்கெண்ணெய விட்டுட்டுப் பாருங்க! ஒரு பிரேம் விட்டாலும் மன்றத்துல இடமில்ல!" என்று முழங்கிக்கொண்டே வாளி அளவுக் குளிர்பானத்தை உறிஞ்சினான். கடைசி வரிசையில் பதுங்கப் போன நோலீன், அங்கே ஏற்கெனவே க்வெண்டா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"நீ எங்க இங்க?"

"சும்மா. ஏசி நல்லாருக்கும்னு" என்றாள் க்வெண்டா. பிறகு, "காலைலேர்ந்து ஒண்ணும் குடிக்கல. இந்தத் தடவை நான் எந்திரிக்கவே மாட்டேன், பாரு" என்றாள்.

இரண்டரை மணி நேரம் போனது. மெர்வ் இரண்டு தூக்கம் முடித்துவிட்டான். கோபுரம் இன்னும் விழவில்லை. முன் வரிசையில் கல்நெஞ்சனின் வாளி வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. காலை மாற்றிப் போட்டான், குனிந்தான், நிமிர்ந்தான், கடைசியில் தன் சட்டத்தைத் தானே மீறி, பாறைகள் உரசக் கதவைப் பார்த்து ஓடினான்.

அவன் வெளியே இருந்தபோது கோபுரம் விழுந்தது.

முந்நூறு பேர் ஓடிவந்தார்கள். பச்சைச் சட்டை ஒன்று விளிம்பில் நின்றது. நோலீன் மெர்வின் தொடையைக் கிள்ளினாள். ஆனால் கேமரா அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தெரிந்தது பின்தலை. முகம் இல்லை. "நில்லு கண்ணு" என்ற வார்த்தையின் மேல் நூறு பேர் கோரஸ் பாடிக்கொண்டிருந்தார்கள். யாருடைய தலையாகவும் இருக்கலாம் அது. ஆறு வருடம் காத்திருந்தது இந்த நரைத் தலைக்கா?

சரியாக அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஜாரட் வந்தான். எதைத் தவறவிட்டோமோ என்ற பதற்றத்தில் நடுப்பாதையில் தலைதெறிக்க ஓடினான். திரையில் அந்தக் கை எழுந்தது. இந்த முறை முழுதாக, தியேட்டர் சுவரளவுக்கு, கோணல் சுண்டுவிரலோடு.

ஜாரட் நின்றான்.

பிரேக் போட்டதுபோல நின்றான். பாறைத் தலை வலது பக்கம் திரும்பியது. இடது பக்கம் திரும்பியது. மறுபடி வலது பக்கம் திரும்பியது. பிறகு இரண்டு கையையும் ஒட்டி வைத்துக்கொண்டு அடக்கமாகக் காத்திருந்தான். திரையில் ஒரு கேப்டன், நடுப்பாதையில் ஒரு கேப்டன், இருவரும் ஒரே கைக்கு முன்னால்.

முதலில் பின்வரிசைகள் சிரித்தன. பிறகு இருட்டில் ஒரு பெண்குரல் கத்தியது: "ஏய், அது மிஸ் நோலீன் கைடா!" அதற்கப்புறம் யார் கத்தினார்கள் என்று சொல்ல முடியாது. லாப்ரடாரில் வளர்ந்த பாறைகள் எல்லாம் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தன. க்வெண்டா நோலீனின் கையைப் பிடித்துத் திரைக்கு நேராகத் தூக்கி, சுண்டுவிரலைத் தடவிப் பார்த்தாள். "நிஜமாவே நீதான்டி" என்றாள். "நிஜமாவே நிறுத்தியிருக்கே."

ஜாரட் இன்னும் நகரவில்லை. பாறைத் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசி வரிசையைத் தேடினான். முகம் சுண்டிப்போயிருந்தது.

"மிஸ் நோலீன்! அந்த ஜட்டி நான்தான்! மன்னிச்சிடுங்க!"

தியேட்டரில் ஒருவருக்கும் அது புரியவில்லை. நோலீனுக்கு மட்டும் புரிந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆனால் ஒரு பிள்ளை நடுவழியில் நிற்கிறது. அப்படியே விட அவளால் முடியாது. கழுத்துக் கயிற்றை இழுத்து, சாவிக்கொத்தை ஒதுக்கி, விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினாள்.

ஜாரட் கடந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான்.