ஒத்தப்படை ஆகாது

பிள்ளையார்பாளையத்தில் அம்சவேணியின் வாய்க்குப் பயப்படாத ஆள் இருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். தறியில் உட்கார்ந்தபடியே தெருவில் போகிறவனை நிறுத்தி, பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறாய் என்று சொல்லி அனுப்புவாள். கை மட்டும் நிற்காது. அன்னப்பட்சி போட்ட கல்யாணப் புடவை வேண்டுமென்றால் கடைக்காரர்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். “அம்சம்னாலே அன்னம்தான், என் பேர்லயே இருக்குது, வேற எங்க போவாங்க?” என்பாள்.

அவளுடைய ஒரே தம்பி ஆனந்தகுமார் விமானப்படையில் மெக்கானிக். அவன் படைப்பிரிவின் சின்னமும் அன்னம்தான், சிறகு விரித்த ஒற்றை அன்னம். பிரான்சிலும் அன்னத்தையே சின்னமாக வைத்த ஒரு படைப்பிரிவு உண்டு. அந்த ஒட்டுறவில் இரண்டும் சம்பந்தி வீடு மாதிரி ஆகிவிட்டன. சேர்ந்து பறந்து பயிற்சி எடுப்பார்கள். அசந்த நேரம் பார்த்து, தங்கள் சின்னத்தை அடுத்தவன் விமானத்தின் வாலில் ஒட்டிவிட்டுச் சிரிப்பார்கள்.

போன வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வருவதாக முடிவானது. விருந்தாளிக்கு என்ன பரிசு கொடுப்பது என்று அதிகாரிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது நம்ம ஆள் முந்திரிக்கொட்டையாக, “எங்க அக்கா பட்டுலயே கொடி நெய்வாங்க சார்” என்று சொல்லிவிட்டான். சின்னத்தைப் போனில் அனுப்பி, “படத்துல இருக்குற மாதிரியே வேணும்க்கா” என்றான்.

“எனக்கே அன்னம் சொல்லித் தர்றியா? போனை வைடா.”

விழாவுக்கு முந்தின நாள் கொடியை வாங்கிப்போக வந்தான். மாம்பழ நிறம், அரக்குக் கரை, நடுவில் சரிகை அன்னம். ஒன்றல்ல, மூக்கோடு மூக்கு வைத்து இரண்டு. ஆனந்தகுமார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“இன்னாக்கா இது, ரெண்டு இருக்குது?”

“அன்னம்னா ஜோடியாத்தான்டா நெய்வோம். ஒத்தைப் பட்சி போட்டா நல்லதுக்கு ஆகுமா?”

“இது கல்யாணப் புடவை இல்லக்கா, படைக்கொடி. எல்லார் எதிர்லயும் மார் தட்டிக்கினு சொன்னேனே.”

படத்தை அம்சவேணி ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள், மீதியெல்லாம் கைப்பழக்கம். பிரித்தால் பட்டு பாழ், புதிதாக நெய்ய நேரமில்லை. அவன் கொடியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். தன் தலைக்கனத்தால் தம்பி தலைகுனியப் போகிறானே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் தறிப்பக்கமே போகாமல், காமாட்சியை வேண்டிக்கொண்டு போனையே பார்த்திருந்தாள்.

மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் ஒரே கைதட்டல்.

“அக்கா, எங்க அன்னம் வலப்பக்கம் பார்க்கும். அவங்களுது இடப்பக்கம் பார்க்குது, இத்தனை நாளா நான் கவனிச்சதே இல்ல. கொடியை விரிச்சதும் அவங்க தலைவர் ரெண்டையும் தொட்டு, இது நீங்க, இது நாங்கன்னு சொல்லிட்டாரு. யோசனை யாருதுன்னு எங்க சார் கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“எங்க அக்காவுக்குப் பழக்கதோஷம்னு சொன்னேன்.”

“கட்டையில போறவனே” என்று திட்டிக்கொண்டே, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்று சாயங்காலமே தறிக்கு வந்து, தெருவில் போனவனையெல்லாம் நிறுத்திக் கதையைச் சொன்னாள்.

இந்த வருஷம் கிரேக்க நாட்டிலிருந்தும் ஒரு அன்னப் படை சேருகிறதாம். போன வாரம் ஆனந்தகுமார் கூப்பிட்டு, “இந்த வாட்டி மூணு அன்னம் வேணும்க்கா” என்றான்.

“மூணு ஒத்தப்படைடா. ஆகாது.”

“இருக்குறதே மூணு படைதான்க்கா.”

“அப்போ இன்னொரு படையைக் கூட்டிக்கினு வா. ரெட்டைப்படையா நெய்யறேன்.”

அவன் அதை அப்படியே அதிகாரியிடம் சொல்லியிருக்கிறான். சிரித்த மனுஷன், நாலாவது அன்னத்துக்கு இப்போது நாடு நாடாக விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். அம்சவேணி நாலு அன்னத்துக்கும் தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது.