ஒரே சேலை, ஊர்ப்பட்ட அழகிகள்

போன வருடம் மாசி மாதம் நடந்தது இது. அப்போது நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு அரியலூரில். தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருகிற நான், சென்னையில் ஒரு ஃபேஷன் பத்திரிகையில் இன்டர்ன்ஷிப் வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அது கிடைக்காவிட்டால், தெரிந்தவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து கல்யாண ஆல்பத்தில் மணமக்களைச் சுற்றி ரோஜாப்பூ ஒட்ட வேண்டும் என்று வீட்டில் முடிவே பண்ணிவிட்டார்கள். ரோஜாப்பூ மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதற்காகக் காலம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்க முடியுமா?

முதலில் பல பத்திரிகைகளுக்கு "வாய்ப்புத் தாருங்கள்" என்று மெயில் அனுப்பிப் பார்த்தேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிறகுதான் புத்தி வந்தது. எனக்குப் பிடித்த பத்திரிகையின் பழைய இதழ்களைத் தேடிப் படித்தேன். எந்தப் பக்கம் பிடித்தது, அதில் நான் என்ன செய்திருப்பேன் என்று எழுதி, நான் எடுத்த படங்களில் நல்லதாக நாலைந்தை மட்டும் சேர்த்து அனுப்பினேன். பதில் வந்துவிட்டது! ஒரே உடையில் ஐந்து விதமான தோற்றம் காட்டும் படங்களை ஞாயிறு இரவுக்குள் அனுப்ப வேண்டும், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று அதன் ஆசிரியை எழுதியிருந்தார்.

என் தோழி மாடலாக நிற்க ஒப்புக்கொண்டாள். சனிக்கிழமை காலை அவளுக்குக் காய்ச்சல். ஞாயிறு அன்று வேப்பந்தட்டைப் பக்கம் அக்கா வீட்டுக் குலதெய்வக் கோயிலில் அவள் மகளுக்குக் காதுகுத்து. வேறு யாரையாவது பிடிக்கிறேன், நான் வரவில்லை என்று கெஞ்சினேன். "சித்திக்காரி இல்லாம காதுகுத்தா? பேசாம கெளம்புடி" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

எங்கள் பக்கம் இப்போது விசேஷம் என்றால், சொந்தக்காரப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே டிசைன் சேலை எடுப்பது வழக்கமாகிவிட்டது. அன்றைக்கு மயில்கழுத்து நிறத்தில் கடுகு மஞ்சள் பார்டர். நானும் அதையே கட்டிக்கொண்டு, எல்லாம் போச்சு என்று ஒரு மரத்தடியில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. சின்ன அத்தை ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் பின் குத்தி நிற்கிறார். பெரிய அத்தை வெயிலுக்கு முந்தானையைத் தலைப்பாகையாகச் சுற்றியிருக்கிறார். மாமன் மகள் தூங்குகிற குழந்தையை முந்தானையால் மூடித் தோளில் சாய்த்திருக்கிறாள். சித்தி முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு மைக்செட்காரரோடு சண்டை போடுகிறார். அந்தப் பக்கம் பெரியம்மா, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகி, கரண்டியும் கையுமாகக் கறிக்குழம்பு அண்டாவோடு மல்லுக்கட்டுகிறார். அடேயப்பா, ஒரே உடையில் ஐந்து தோற்றம் கண்ணெதிரே நிற்கிறது!

சும்மா எடுத்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே? "சென்னைப் பத்திரிகைக்குப் போட்டோ எடுக்கிறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான். தலைப்பாகை அவிழ்ந்தது, சொருகல் இறங்கியது, பவுடர் டப்பா கைமாறியது. அத்தனை பேரும் கோயில் சுவரோரம் வரிசைகட்டி, கையைத் தொங்கவிட்டு, சிரிக்காமல் நின்றுவிட்டார்கள். "கால் தெரியுற மாரி எடுடி, செருப்பும் புதுசு" என்று சின்ன அத்தை வேறு. எல்லாரும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே தோற்றம்!

கடமைக்கு நாலு படம் எடுத்தேன். பிறகு வேறு வழியில்லாமல், "இலை போட்டாச்சு, பந்திக்கு வாங்க!" என்று கத்தினேன். வரிசை சிதறி ஓடியது. சொருகலும் தலைப்பாகையும் பழையபடி ஏறின. நான் கிளிக் கிளிக்கென்று எடுத்துத் தள்ளினேன். இன்னும் சோறே வடித்திராத சமையல்காரரிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.

அனுப்புவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் காட்டிச் சம்மதம் கேட்டேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே சரியென்றார்கள், பெரியம்மாவைத் தவிர. அவர் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "சொருகுன சேலையோட என்னைய மெட்ராஸுக்கு அனுப்புறியா? என் மானத்த வாங்கிடாதடி" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதுதான் இருந்ததிலேயே நல்ல படம், அது இல்லாமல் ஐந்தும் தேறாது. "ஒரு தடவை பாருங்க பெரியம்மா, வேணாம்னா அழிச்சிடுறேன்" என்று போனை நீட்டினேன்.

கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். புகை நடுவே, வியர்வை மின்ன, எதற்கோ தலையைச் சாய்த்துச் சிரிக்கிற முகம். ரொம்ப நேரம் பார்த்தார். "நானாடி இது?" என்றார். பிறகு மெல்ல, "எல்லா விசேஷத்துலயும் நான் அடுப்பண்டதான் நிப்பேன். ஒரு ஆல்பத்துலயும் என் மொகம் இல்ல. அனுப்பு" என்றார். அங்கேயே நின்று ஐந்து படத்தையும் அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை ஆசிரியை போனில் அழைத்தார். மாடல்களை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். "எங்க வூட்டு ஆளுங்கதான் மேடம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பரீட்சை முடிந்ததும் வந்து சேரச் சொன்னார்.

இன்டர்ன்ஷிப் முடிந்து சர்டிஃபிகேட்டும் வாங்கிவிட்டேன். ஆனாலும் எந்த விசேஷத்துக்குக் கேமராவோடு போனாலும், மேடைக்குப் போகும் முன், முதல் படத்தை அடுப்படிப் பக்கம் திரும்பித்தான் எடுக்கிறேன்.