அக்கா வடியவிட்ட தண்ணீர்

அய்யலூர் சந்தையில் ஆடு ஏற்றி இறக்கும் வேலை அலுத்துப்போய், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வடமதுரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். எங்கே போகிறேன் என்று நானே முடிவு செய்திருக்கவில்லை. அப்போது மாமா போனில் கூப்பிட்டார். "மாப்ள, ஒங்கக்காளத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. வந்துட்டுப் போ." அடுத்து வந்த பேருந்தில் ஏறினேன்.

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அக்காவின் கணவரான அந்த மாமாதான். ஆறாவதோடு பள்ளியை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். அப்பா இறந்ததும் அவர் படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு தக்காளி பறிக்கப் போனார். பிறகு நானும் பள்ளியை விட்டேன். அக்காவுக்குக் காரணம் இருந்தது, எனக்கு இல்லை. நான் எந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாலும், "சாப்டியா?" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்டதில்லை.

எரியோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தார். மாமாவின் நிலம் களர் நிலம். மழை பெய்தால் தண்ணீர் இறங்காது. காய்ந்தால் மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, மண் ஓடாக இறுகும். கத்தரி, மிளகாய் எது வைத்தாலும் முளைத்து வெளுத்துச் செத்தது. மனை போடக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று மாமா பேச ஆரம்பித்தார். அக்காவோ அதில் மல்லிகை போட வேண்டும் என்றார். சிறு வயது முதல் அடுத்தவர் செடியிலேயே பறித்தவர் அவர். ஒரு நாளாவது தன் செடியில் பறிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

மண்ணைப் பரிசோதித்தவர்கள், மண்ணில் ஏறிய உப்பைப் பிரித்துவிட ஜிப்சம் தூள் போடச் சொன்னார்கள். நம் பக்கம் மூட்டையில் வரும் எந்த உரத்துக்கும் உப்பு என்றுதான் பெயர். அதிலேதான் சண்டை வந்தது.

"ஏற்கெனவே உப்புப் பூத்துக் கெடக்கு. அதுக்கு மேல இன்னொரு உப்பா?" என்றார் மாமா.

அக்கா மூட்டையில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "கரிக்கவே இல்ல. நீங்க வைக்கிற ரசம் மாதிரி சப்புன்னு இருக்கு."

மாமா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு நடந்தார். வரப்பு கட்டி, ஜிப்சத்தை இறைத்து, மேலாக உழுதார்கள். நல்ல மழை பெய்து தண்ணீர் நின்றது. சில நாள் நின்றதும் அதை வடியவிட வேண்டும். தண்ணீரோடுதான் உப்பு வெளியேறும். அக்கா வரப்பை வெட்டிவிட்டார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை, மண்வெட்டியோடு போய் அடைத்தார். அக்கா திரும்ப வெட்டினார்.

"ஏத்தா, ஊரே தண்ணிக்கு ஏங்கிக் கெடக்கு. நீ வந்த தண்ணிய வெரட்டுறியே" என்றார் பக்கத்துத் தோட்டத்து அம்மா.

"அது உப்பச் சொமந்துக்கிட்டுப் போகுது. சொமையோட போறவன நிறுத்தலாமாத்தா?" என்று சொல்லிவிட்டு, அக்கா அந்த வாய்க்கால் வாயிலேயே உட்கார்ந்துகொண்டார். "இப்ப என்னையும் சேத்து அடைங்க" என்றார் மாமாவிடம். மாமா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, கண்மாய் வண்டலும் அடித்தார்கள். மேல்பாதியில் மல்லிகை வந்தது. முதல் பூவை அக்கா விற்கவில்லை. கூடையோடு கொண்டுபோய் அந்தப் பக்கத்துத் தோட்டத்து அம்மாவுக்குக் கொடுத்தார். கீழ்ப்பாதி களராகவே கிடந்தது. அதற்குள் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "உப்பக் கொறைக்கணுமாம் தம்பி. என்னையவும் களருன்னு நெனச்சுட்டாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "கீழ்ப்பாதிய வித்துற வேணாம்னு ஒங்க மாமாட்ட சொல்லு" என்றார்.

"நான் இங்கனதான் நிக்கிறேன்" என்றார் மாமா.

"நிக்கிறது தெரியுது. கேக்குறீகளான்னுதான் தெரியல."

சில நாளில் அக்கா போய்விட்டார்.

அந்த நாள்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்டோ ஓட்டி வந்தவருக்கும், சின்னாளப்பட்டியிலிருந்து வந்து அடுப்படியைப் பார்த்துக்கொண்ட பெரியம்மா மக்களுக்கும், பூ வீணாகாமல் தினமும் பறித்துச் சந்தைக்கு அனுப்பிய பக்கத்துத் தோட்டத்து அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பினார்கள். நானும் பையை எடுத்தேன். மாமா வாசலில் நின்று, மனைக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "விக்கிறதா இல்லப்பா. அவ மல்லிகை போடணும்னு சொல்லியிருக்கா." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, மழை வருது. தண்ணிய வெளிய விட எனக்குக் கை வராது. நீ இருந்து வெட்டிவிடு. கூலி தாரேன்."

மறுநாள் காலையில், கீழ்ப்பாதியிலிருந்து ஓடைக்கு வடிகால் வெட்டும் வேலையில் சேர்ந்தேன். மாமா நான் வெட்டிய பக்கம் திரும்பாமலேயே ஜிப்சம் இறைத்துக்கொண்டிருந்தார்.