பிக்கப் வண்டிக்கு ஒரு வெளியூர் மூக்கு

இன்று தோல் பதனிடும் ஊரான ஆம்பூரில், இரண்டு வரிசை இருக்கை வைத்த பழைய பிக்கப் ஒன்றைப் பார்க்கப் போனோம். வாரநாளில் எங்கள் செருப்புப் பட்டறைக்குச் சரக்கு ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதிலேயே சர்ச்சுக்கும் போக வேண்டும்.

“பச்சைத்தோல் ஏத்தின வண்டியா?” என்று புரோக்கரிடம் கேட்டேன்.

“அய்யோ, இல்ல மேடம். வேணும்னா மோந்து பாருங்க.”

நானும் கணவரும் முகர்ந்தோம். ஒரு வாசனையும் இல்லை. அவர் சாவிக்குக் கை நீட்டிவிட்டார்.

இருபது வருடம் தோலோடு இருந்த மூக்குகளை நான் நம்பவில்லை. தோல் வாடையே இல்லாத கலவை என்ற ஊரிலிருந்து வந்திருந்த தம்பி மனைவியை உள்ளே உட்காரச் சொன்னேன்.

உட்கார்ந்த வேகத்தில் இறங்கினாள். “இன்னாக்கா இது! இதுல போனா சர்ச்சே காலியாய்டும்!”

புரோக்கர் திகைத்துப்போய் மறுபடி முகர்ந்தார். “சத்தியமா எனக்கு ஒண்ணும் வரல மேடம். நானும் இந்த ஊருதானே!”

இன்னும் இரண்டு வண்டி பார்க்க வேண்டும். தம்பி மனைவி நாளை ஊருக்குப் போகிறாள்.

நல்ல மூக்குள்ளவர்கள் தெரிவிக்கவும். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் மன்னிக்கவும்.