குளூட்டன் இல்லை என்று எழுதித் தரவும்

எல்லாத் தொழிலிலும் எதையாவது கண்டுபிடித்தால் மெச்சுவார்கள். எங்கள் தொழிலில் மட்டும் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால்தான் காபி வாங்கித் தருவார்கள். "ரிப்போர்ட் எப்ப சார் வரும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டவர் எவருக்கும் என் கஷ்டம் புரியும்.

திண்டிவனத்தில் எங்கள் உணவுப் பரிசோதனை லேப். தண்ணீர், எண்ணெய், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் பூஞ்சணம் என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், சில வருஷங்களுக்கு முன்னால் குளூட்டன் வந்து சேர்ந்தது. கோதுமையில் இருக்கும் புரதம் அது. பரோட்டா மாவு ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, அதற்குக் காரணமே இதுதான். சிலருக்கு மட்டும் குடலைப் புண்ணாக்கிவிடும். சோதனை சுலபம்: உணவைக் கரைத்துச் சின்னக் குழிகளில் விட்டு மருந்து சேர்த்தால், குளூட்டன் இருக்கும் குழி மஞ்சளாகும், இல்லாதது வெளுப்பாகவே நிற்கும். மனிதர்களைச் சமாளிப்பதுதான் பேஜாரு.

சுத்தமான மிஷின்

வளவனூரிலிருந்து ஸ்டெல்லா என்றொரு அம்மா வந்தார். தையல் வேலை செய்பவர். மகள் ரெஜினாவுக்குக் கோதுமை ஆகாது. டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் மைதா, ரவை எதுவும் கிடையாது, அரிசியும் கேப்பையும்தான். இருந்தும் பிள்ளைக்கு வயிறு உப்புகிறது, ஆள் இளைத்துக்கொண்டே போகிறாள். வரும் கோடையில் அவளுக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். அந்த அப்பமும் கோதுமைதான். "மத்த புள்ளைங்கல்லாம் வரிசையில நிக்கும், நான் மட்டும் பெஞ்சுல உக்காந்துக்கினு இருக்கணுமான்னு அழுவுது சார்" என்றார்.

முதலில் உடம்பு தேறட்டும், அப்பத்தைப் பிறகு பார்ப்போம் என்றேன். எங்கள் முதலாளி பாஸ்கரன் வாய் பொல்லாதவர், மனசு நல்லது. ஒவ்வொரு சோதனையிலும் வீணாகப் போகும் ஓரக் குழிகளில் அந்தம்மாவின் பொருளைக் காசு வாங்காமல் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டார். கேப்பை மாவைக் கரைத்து விட்டேன். குழி சாமந்திப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது. ஸ்டெல்லா மாதா மேல் ஆணையாகத் தானே கல் பொறுக்கிக் காயவைத்த கேப்பை என்றார். அப்படியானால் அரைக்கிற இடத்தில்தான் கோளாறு என்று வளவனூருக்கே போனேன். மாவு மில்காரர் கஜேந்திரன் என்னை உட்காரவைத்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு எனக்குத் தெரியாதா சார்? மொளகா நெடிகூட இருக்கக் கூடாதுன்னு, மொதல்ல ஒரு படி கோதுமைய உட்டு மிஷின சுத்தம் பண்ணிக்கினுதான் அதுக்கு அரைக்கறேன்!"

பாஸ் மார்க்

அனந்தபுரத்தில் சிறுதானியச் சத்துமாவு தயாரிக்கும் ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று குளூட்டன் சோதனைக்குக் கொடுத்தார். ஒரு சொட்டு மஞ்சள் இல்லை. 'கண்டறியப்படவில்லை' என்று எழுதி, சந்தோஷச் செய்தி சொல்லும் முகத்தோடு நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் முகம் பரீட்சையில் கோட்டைவிட்ட பையனின் அப்பா முகமாகிவிட்டது. இதில் ஒன்றும் இல்லாததுதான் முதல் ரேங்க் என்று எவ்வளவோ விளக்கினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்: "கஷ்டப்பட்டு முளைகட்டி வறுத்து அரைச்சது சார், ஒரு முப்பத்தஞ்சாவது போட்டுப் பாஸ் பண்ணி உடுங்க!"

கைமருந்து

கஜேந்திரன் விஷயம் புரிந்ததும் பதறிப்போனார். ஸ்டெல்லாவுக்கென்று ஒரு பழைய கல்லை எடுத்துப் புதிதாகக் கொத்தி, அதில் அரிசியும் கேப்பையும் தவிர வேறெதையும் விடுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டார். மாவு சுத்தமாகிவிட்டது. ரெஜினாவின் வயிறு மட்டும் அப்படியே இருந்தது.

"அவள் ஒரு நாள் சாப்பிடுவது அத்தனையும் கொண்டு வாங்கம்மா" என்றேன். ஸ்டெல்லா அடுக்குத் தூக்கோடு வந்து இறங்கினார். லேப் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. சோறு வெளுப்பு, கீரை வெளுப்பு, முட்டை வெளுப்பு. மோர் மஞ்சள்! மோரில் ஏது கோதுமை? உப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குப் பொறி தட்டியது. கடையில் விற்கும் பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மாவுதான், பெரும்பாலும் மைதா. டப்பாவிலேயே எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். அதைச் சொன்னதும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, இப்போதும் பாதிதான் வருகிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வயித்து உப்புசத்துக்குப் பெருங்காயம்தான சார் மருந்து? வலி ஜாஸ்தியாவ ஜாஸ்தியாவ நானும் ஒரு சிட்டிகை ஜாஸ்தி போட்டுக்கினே இருந்தேனே!"

முதலாளிக்கு நோ என்ட்ரி

ஒருநாள் எல்லாக் குழியும் மஞ்சளாகிவிட்டது. ஒப்பிடுவதற்காக வெறும் தண்ணீர் விட்டிருந்த குழியும் மஞ்சள். திண்டிவனம் தண்ணீரில் உப்பு இருக்கும், கோதுமை எப்படி வந்தது? நானும் உடன் வேலை பார்த்த கலைவாணியும் மேஜை, கண்ணாடிக் குழாய், ஃபேன் என்று ஒன்றுவிடாமல் துடைத்துப் பார்த்தோம். மறுநாளும் மஞ்சள்.

கலைவாணிதான் கண்டுபிடித்தார். முதலாளிக்குச் சர்க்கரை. வேளாவேளைக்குச் சப்பாத்தி. சாப்பிட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே வந்து, "வேலை நடக்குதா?" என்று குழிகளுக்கு மேல் குனிந்து பார்ப்பார். அந்தத் தட்டலில் பறக்கும் மாவு போதாதா? மறுநாள் முதல் தெருமுனை வேப்பமரத்தடியில் அவருக்குச் சாப்பாடு. சோப்புப் போட்டுக் கை கழுவினால்தான் உள்ளே அனுமதி என்று கலைவாணி சட்டம் போட்டார். பாஸ்கரன் டிபன் பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கும்போது முணுமுணுத்தார்: "பெருங்காயத்தக்கூடக் கூப்பிட்டு வெச்சி டெஸ்ட் பண்றாங்க, மொதலாளிய வெளிய தள்றாங்க."

இருக்கணும், இருக்கக் கூடாது

பெருங்காயம் போன பிறகு ரெஜினாவுக்குக் கன்னம் வைத்தது. புதுநன்மைக்கு வெள்ளை கவுனும் தைத்தாயிற்று. இப்போது ஸ்டெல்லா பங்குச் சாமியாரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஃபாதர் கையில் ஒரு சிறு டப்பா. குளூட்டனை மிகவும் குறைத்துச் செய்த அப்பம், வெளியூரிலிருந்து வரவழைத்தது, இன்னும் மந்திரிக்காதது.

சிக்கல் என்னவென்றால், திருச்சபை விதிப்படி அப்பம் கோதுமையாகத்தான் இருக்க வேண்டும்; குளூட்டன் துளிகூட இல்லையென்றால் செல்லாது. டாக்டர் கணக்கிலோ ஒரு கிலோவுக்கு இருபது மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சோதனை முடியும்வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள், ஒருவர் இருக்க வேண்டுமென்று, மற்றவர் இருக்கக் கூடாதென்று. மருந்தை விட்டேன். குழி லேசாக, எலுமிச்சைச் சாறு அளவுக்கு மஞ்சளானது. மெஷினில் வைத்துப் படித்தேன். இருக்கிறது, இருபதுக்கு நன்றாகக் கீழே இருக்கிறது. டாக்டரிடம் போனில் சொன்னோம், இந்த ஒரு துணுக்குக்குச் சரி என்றார். "மற்ற அப்பத்தைத் தொட்ட கையால் இதைத் தொடாதீங்க ஃபாதர். தனிக் கிண்ணம், கையைக் கழுவிவிட்டு முதலில் அவளுக்கு" என்றேன். முதலாளி சப்பாத்தி தந்த ஞானம் அது. ஃபாதர் எழுந்து என் கையைக் குலுக்கினார்: "எத்தனையோ பேரு பாவத்தைக் கொறைச்சுச் சொல்லிக் கேட்டுருக்கேன் சார், கொஞ்சம் இருக்குன்னதும் இவ்ளோ சந்தோஷப்பட்டது இன்னிக்குத்தான்."

முதல் ஆள்

பூசைக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். முதலாளி வேட்டி சட்டையில், அன்று சப்பாத்தி சாப்பிடாமலே வந்தார். கஜேந்திரன் நெற்றி நிறைய விபூதியோடு முன்பெஞ்சில். வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பெஞ்சில் உட்கார வேண்டியிருக்குமோ என்று அழுத ரெஜினா எல்லோருக்கும் முன்னால் நின்றாள். ஃபாதர் கை கழுவி, தனிக் கிண்ணத்திலிருந்து எடுத்து அவள் நாக்கில் வைத்தார். ஸ்டெல்லா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றும் ஒன்றும் ஆகவில்லை, மறுநாளும் ஆகவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதைத் துடைப்பதற்குள் வரிசையில் இரண்டாவதாக நின்ற சிறுமி தன் அம்மா பக்கம் திரும்பி, கோயிலே கேட்கும்படி சொன்னாள்: "எனக்கும் கோதும ஒத்துக்காதும்மா, ஃபாதர்கிட்ட சொல்லு!"

'இல்லை' என்று எழுதி வாங்கியவர்கள் எல்லாம் ஒரு காபியோடு நன்றியை முடித்துக்கொள்ள, இத்தனை வருஷ சர்வீசில் 'கொஞ்சம் இருக்கிறது' என்று எழுதிய அந்த ஒரே ஒரு ரிப்போர்ட்டுக்குத்தான் எனக்கு மட்டன் பிரியாணி கிடைத்தது.