மாமாவுக்குச் சொன்ன தேங்க்யூ

நான்காம் வகுப்பில் எனக்கு இங்கிலீஷ் பைத்தியம் பிடித்தது. சும்மா இல்லை, முற்றிய பைத்தியம். எங்கள் மிஸ் ஒருநாள், "ப்ளீஸ், தேங்க்யூ, சாரி, எக்ஸ்க்யூஸ் மீ. இந்த மாசம் முழுக்க வீட்லயும் இதச் சொல்லணும். நல்லா சொல்ற பிள்ளைக்கு மாசக் கடைசியில பேட்ஜ்" என்று சொல்லி, தங்க நிறத்தில் மின்னிய ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், போச்சு! அன்றிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸில் யாருக்கும் நிம்மதி இல்லை.

அம்மா தோசை போட்டால் தேங்க்யூ. சட்னி வேண்டுமென்றால் ப்ளீஸ். நைட் ஷிப்ட் முடிந்து நிலக்கரி மைன்ஸிலிருந்து வந்து கூடத்தில் படுத்திருக்கும் அப்பாவைத் தாண்டிப் போக எக்ஸ்க்யூஸ் மீ. தூக்கத்திலிருந்து எழுப்பி எழுப்பிச் சொன்னதில் அப்பாவே ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதற்கும் ஒரு சாரி சொல்லிவைத்தேன்.

அந்த மாதக் கடைசியில்தான் எனக்குக் காதுகுத்து. வருடா வருடம் ஏதோ ஒரு தடங்கலில் தள்ளிப்போய், ஒருவழியாக எங்கள் பிளாக் பிள்ளையார் கோயிலில் நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். என் மாமா, அம்மாவின் அண்ணன், திருவதிகையில் பயிர்வைப்பவர். எனக்குத் தோடு வாங்கிவிட்டதைக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தோளில் இந்தப் பெரிய பலாப்பழம்! பண்ருட்டியில் பஸ் ஏறி, அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

வியர்வையைத் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்னப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். திறந்தேன். சிவப்புக் கல் தோடு. அடடா, அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பெரிய பரிசுக்கு வெறும் தேங்க்யூ போதுமா? நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, மெயின் பஜார் பேக்கரி போர்டில் படித்ததையும் சேர்த்து ஒரே மூச்சில் விட்டேன்.

"தேங்க்யூ சோ மச் மாமா! ப்ளீஸ் கம் அகெய்ன்!"

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. "என்னா கண்ணு, கடைக்கு வந்தவங்கிட்ட சொல்ற மாரி சொல்ற? நா என்னா வெளியாளா?" என்றார். அப்போது அப்பா சிரிக்காமலாவது இருந்திருக்கலாம். நன்றாகப் பலமாகச் சிரித்தார். மாமா எழுந்துவிட்டார்.

"பலாப்பழத்த தூக்கிகினு பஸ்ல வந்தா, எனக்கு தேங்க்யூவாம்! நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க மாப்ள."

இலை போட்டு, சாம்பார் கொதித்துக்கொண்டிருக்க, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "சாப்புடாம போறாரே எங்கண்ணன்! மாமாவுக்குப் போயி யாராச்சும் தேங்க்யூ சொல்லுவாங்களாடி?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிஸ் சொல்லச் சொன்னார், சொன்னேன். நான் என்ன கெட்ட வார்த்தையா சொன்னேன்?

அதற்குப் பிறகு அம்மா போன் போட்டால் மாமா எடுப்பதில்லை. "யாரு மடியில உக்காந்தா என்ன, குத்தப்போறது காதுதானே?" என்று அப்பா சொல்லப்போய், வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் இருவரும் வெற்றிலை பாக்கு, பழத்தோடு டூவீலரில் திருவதிகைக்கே போய் அழைத்தார்கள். மாமா தட்டை வாங்கிக்கொண்டாராம். "பாக்கலாம்" என்றாராம். அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு அம்மா ராவெல்லாம் புலம்பினாள்.

அந்த நாளும் வந்தது. பட்டுப்பாவாடை உடுத்திக் கோயில் வாசலில் நிற்கிறேன். காது குத்தும் பத்தர் ஊசியோடு தயார். பக்கத்து வீட்டு அத்தைகள், "தாய்மாமன் எங்க?" என்று குடைந்தெடுக்கிறார்கள். அம்மாவின் கண் சாலையிலேயே இருக்கிறது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று அர்ச்சகர் அவசரப்படுத்தும்போது, திடீரென்று மேளச் சத்தம்! பிளாக் முனையில் ஒரு குட்டியானை லோடு வண்டி திரும்புகிறது. அதன் முன்னால் என் போட்டோ போட்ட ப்ளெக்ஸ். உள்ளே சீர்த்தட்டுகள், பலாப்பழங்கள், நடுவில் மொடமொடவென்று புது வெள்ளைச் சட்டையில் என் மாமா! நான் குதித்த குதியில் பாவாடை அவிழப் பார்த்தது. அம்மா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் என்னைக் கிள்ளினாள். "வாயத் தொறந்த, தொலச்சிப்புடுவேன்!"

வாயை இறுக்க மூடிக்கொண்டு மாமா மடியில் உட்கார்ந்தேன். நான்கு வார்த்தையும் நாக்கு நுனியில் துடித்தன. பத்தர் காதைப் பிடித்தார். ஐயோ அம்மா! வலி என்றால் அப்படி ஒரு வலி. பக்கத்தில் அகப்பட்டது மாமாவின் கைதான். நறுக்கென்று கடித்தேன். அடுத்த காதுக்கு இன்னும் பலமாகக் கடித்தேன். பிறகு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணீர், மூக்குச்சளி, அழுகையை நிறுத்த அம்மா வாயில் போட்ட சர்க்கரை எல்லாவற்றையும் அந்தப் புது வெள்ளைச் சட்டையில் துடைத்துத் தள்ளினேன். சாரி சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை.

"அவ்ளோதான் கண்ணு, ஆச்சி, ஆச்சி" என்று மாமா முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் பந்தியில் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கையை நீட்டினார். "பாத்தீங்களா, எப்பிடி கடிச்சி வச்சிருக்கா எங்க வூட்டுப் பொண்ணு!" மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

"சட்டையக் கழட்டுண்ணே, அலசிக் குடுக்கறேன்" என்று அம்மா கெஞ்சினாள். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று மாமா கொடுக்கவே இல்லை. சளிக் கறை பளிச்சென்று தெரிய, அப்படியே மேளக்காரர்களோடு வண்டியேறி ஊருக்குப் போனார்.

பேட்ஜ் வேறொரு பெண்ணுக்குப் போனது. இவ்வளவு நல்ல மாமா, இப்படி அழுக்குச் சட்டையோடு நாலு பேர் பார்க்கப் போகிறாரே என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. பாவம், மாற்றுச் சட்டை எடுத்துவர மறந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.